தலையெழுத்தா, வாத்தியார் எழுத்தா?

நம் நாட்டில் ஒரு பிள்ளைக்குப் படிப்பு வரவில்லையென்றால், அதற்குக் காரணம் சொல்ல ஆள்களுக்குப் பஞ்சமே கிடையாது. சோதிடன் கிரகத்தைச் சொல்லுவான். புரோகிதன் பூர்வஜன்மப் பாவத்தைச் சொல்லுவான். பாட்டி தலையெழுத்தைச் சொல்லுவாள். பக்கத்து வீட்டுக்காரன் ஜாதியைச் சொல்லுவான். வாத்தியாரோ "மண்டு" என்று ஒரே சொல்லில் முடித்து விடுவார். ஆனால், "அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த முறை சரியானதுதானா?" என்று கேட்பவர் மாத்திரம் ஆயிரத்தில் ஒருவர்கூடக் கிடைப்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே நாம் இதை எழுதுகின்றோம்.

சில நாள்களுக்கு முன் புதுவையைச் சேர்ந்த மூலக்குளத்தில், வில்லியனூர் போகும் சாலையோரத்து டீக்கடையொன்றில் நாம் உட்கார்ந்திருந்தபோது, கட்டட வேலை செய்யும் தோழர் ஒருவர் தம் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பையன் நான்காவது வகுப்பு. ஒரு வரிகூடச் சேர்த்து வாசிக்கத் தெரியவில்லை. சோதிடரிடம் போனதில், ஜாதகத்தில் புதன் கெட்டுக் கிடக்கின்றான் என்று சொல்லிப் பரிகாரத்திற்குப் பணம் வாங்கிக்கொண்டாராம். நாக்கில் தேனைத் தடவி எழுதியும் ஆகிவிட்டதாம். அரைஞாணில் தாயத்தும் தொங்குகின்றது. எல்லாமாகச் சேர்த்து அந்த மனிதருடைய ஐந்து நாள் கூலி போயிற்று. பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கோ, "உன் பையன் தலையில் களிமண்தான் இருக்கிறது, இன்னும் நாலு வருஷம் போனால் உன்னோடு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போ" என்று பதில் கிடைத்ததாம்.

"ஐயா, சாமி இல்லையென்று சொல்லுகிறீர்கள், சரி. என் பையனுக்குப் புத்தியும் இல்லையா? அதை நீங்களாவது சொல்லுங்கள்" என்றார் அந்தத் தோழர்.

நாம் பையனை அழைத்து, "தம்பி, டீ ஒன்று பன்னிரண்டு ரூபாய். ஏழு டீ வாங்கி நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தால் கடைக்கார அண்ணன் எவ்வளவு திருப்பித் தருவார்?" என்று கேட்டோம். கண் மூடித் திறப்பதற்குள் "பதினாறு" என்றான். களிமண்ணிலிருந்து பதினாறு வருமா என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும். பிறகு எதிர்ப்பக்கத்துக் கடைப் பலகையைக் காட்டி என்ன எழுத்து என்று கேட்டோம். கண்ணைச் சுருக்கிக் கொண்டு விழித்தான். பத்திரிகையைக் கையிலே கொடுத்தபோது க, ட, ப, ம எல்லாம் தெரிந்தது. ஆனால் துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வந்த இடத்திலெல்லாம் நின்று விட்டான். விசாரித்ததில், அவன் இரண்டாவது படித்தபோது தகப்பனார் வெளியூர் வேலைக்குக் குடும்பத்தோடு போய் நான்கு மாதம் கழித்துத் திரும்பினார் என்று தெரிந்தது. உயிர்மெய் எழுத்துக்கள் நடந்தது அந்த நான்கு மாதத்தில்தான்.

விஷயம் இவ்வளவுதான். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். விட்டுப்போன இடத்திலிருந்து பாடம் வேண்டும். இந்த இரண்டையும் செய்யப் புதனும் வேண்டியதில்லை, பூசையும் வேண்டியதில்லை. பையன் இரண்டாம் வகுப்புப் பாடத்தில் நின்றுகொண்டிருக்கின்றான். மூன்றாம் வகுப்பு வாத்தியார் மூன்றாம் வகுப்புப் பக்கத்தைத் திருப்பினார். நான்காம் வகுப்பு வாத்தியார் நான்காம் வகுப்புப் பக்கத்தைத் திருப்புகின்றார். பையன் நிற்கிற இடத்திற்குத் திரும்பி வந்து கையைப் பிடித்து அழைத்துப் போக ஒருவரும் இல்லை. இதற்குப் பெயர் தலையெழுத்தா? உயிர்மெய் எழுத்துக்கூட எழுதித் தராதவர்கள் தலையெழுத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்கின்றோம்.

நிற்க. இது ஒரு பையனுடைய கதை மாத்திரமல்ல. இந்திய கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் 'அசர்' என்னும் கணக்கெடுப்பு 2005 முதல் நடந்து வருகின்றது. அதன் 2024ஆம் வருஷத்துக் கணக்குப்படி, சர்க்கார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடியவர்கள் 100க்கு 45 பேர் அளவே ஆவார்கள். மூன்றாம் வகுப்பில் 100க்கு 23 பேர்தான். மீதிப் பேருடைய ஜாதகத்திலெல்லாம் புதன் கெட்டுப் போய்விட்டானா? கோடிக்கணக்கான பிள்ளைகளை ஒரே சமயத்தில் கெடுக்கக்கூடிய கிரகம் வானத்தில் இல்லை, பூமியில்தான் இருக்கின்றது. அதற்குப் பெயர் "எல்லோருக்கும் ஒரே பக்கம், ஒரே நாள், ஒரே வேகம்" என்பதாகும்.

ஒரு வகுப்பிலே முப்பது பிள்ளைகள் இருக்கின்றார்கள் என்று வைத்துக் கொள்ளுவோம். ஒன்று வீட்டில் தெலுங்கு பேசுகின்றது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த வடநாட்டுத் தொழிலாளியின் பிள்ளை இந்தி பேசுகின்றது. ஒன்றுக்குக் காது மந்தம். ஒன்றுக்கு எழுத்தையும் ஒலியையும் இணைத்து வாசிப்பது கடினமாகின்ற டிஸ்லெக்சியா என்னும் கஷ்டம். ஒன்று பாடத்தை ஏற்கெனவே அக்காளிடம் படித்து முடித்துவிட்டுச் சலிப்பினால் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகின்றது. ஒன்று காலையில் சாப்பிடாமல் வந்திருக்கின்றது. இத்தனை பேரையும் வரிசையாக உட்கார வைத்து, "பக்கம் 32ஐத் திருப்புங்கள்" என்றால், அந்தப் பக்கம் யாருக்காக எழுதப்பட்டது? நடுவில் இருக்கும் ஏழெட்டுப் பேருக்காக. மேலே இருப்பவன் தூங்குகின்றான். கீழே இருப்பவன் தேங்குகின்றான். வருஷக் கடைசியில் தூங்கினவனுக்குக் "கெட்டிக்காரன்" என்றும், தேங்கினவனுக்கு "மக்கு" என்றும் பட்டம் கொடுக்கப்படுகின்றது. வைத்தியசாலைக்கு வந்த முப்பது நோயாளிகளுக்கும் நாடி பார்க்காமல் ஒரே மாத்திரையைக் கொடுத்து, பிழைக்காதவனைப் பார்த்து "உன் உடம்பு சரியில்லை" என்று திட்டுகின்ற வைத்தியனை நாம் சும்மா விடுவோமா?

இதற்கு மாற்று உண்டா என்றால், உண்டு. ஒரே வகுப்பில் இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கின்றது என்று முதலில் கண்டுபிடித்து, அந்த இடத்திலிருந்து அதற்கு ஏற்ற வழியிலும் வேகத்திலும் சொல்லிக் கொடுத்து, எல்லோரையும் ஒரே இலக்குக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என்பதே அது. வேறுபடுத்திக் கற்பித்தல் என்று இதைச் சொல்லுகின்றார்கள். அமெரிக்கப் பேராசிரியை கரோல் ஆன் டாம்லின்சன் என்பவர் 1999இல் இதைப் பற்றித் தனிப் புஸ்தகமே எழுதி, பாடத்தை மாற்றலாம், படிக்கும் வழியை மாற்றலாம், படித்ததைக் காட்டும் விதத்தை மாற்றலாம் என்று விளக்கினார். ஆனால் இது ஏதோ அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. நம் பக்கத்து வீட்டிலேயே செய்து காட்டப்பட்ட காரியம்தான்.

2003ஆம் வருஷத்தில் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அவர்கள் முயற்சியால், மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்னும் முறை தொடங்கப்பட்டது. மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷிவேலிப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உண்டாக்கிய முறையிலிருந்து எடுத்துக்கொண்டது அது. பேரில் ரிஷி இருக்கின்றாரே என்று வாசகர்கள் மலைக்க வேண்டாம். எந்த ரிஷியும் வரம் கொடுக்கவில்லை. மனிதர்கள் உட்கார்ந்து அட்டை வெட்டி, படம் எழுதி, பிள்ளைகளைக் கவனித்துக் கவனித்துச் செய்த வேலையே அது. 2007-08 முதல் தமிழ்நாடு முழுவதும் தொடக்கப்பள்ளிகளுக்கு அது விரிக்கப்பட்டது.

அதில் என்ன நடந்தது என்பதைக் கேளுங்கள். வருஷத்துப் பாடம் முழுவதும் சிறுசிறு படிகளாக உடைக்கப்பட்டது. அந்தப் படிகளெல்லாம் ஓர் ஏணியைப் போலச் சுவரில் தொங்கவிடப்பட்டன. ஒவ்வொரு படிக்கும் ஒரு படம். அந்தப் படத்துக்குரிய அட்டை தட்டிலே இருக்கும். பிள்ளை தான் இருக்கும் படியை ஏணியில் தானே பார்த்து, தன் அட்டையைத் தானே எடுத்து, உரிய குழுவில் போய் உட்காரும். ஒரு குழுவுக்கு வாத்தியாரே முழு உதவி செய்வார். இன்னொன்றுக்குப் பாதி உதவி. இன்னொன்றில் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும். ஒன்றில் பிள்ளை தானாகவே செய்யும். வாத்தியார் நாற்காலியை விட்டுக் கீழே இறங்கிப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார். கரும்பலகையும் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கிற்று.

இதில் உள்ள பெரிய லாபம் என்னவென்றால், நான்கு மாதம் வராமல் போன பிள்ளை திரும்பி வந்தால், அது விட்டுப்போன படியிலிருந்தே ஏறத் தொடங்கும் என்பதாகும். மூலக்குளத்துக் கட்டடத் தொழிலாளியின் பையன் அப்படிப்பட்ட வகுப்பில் இருந்திருந்தால், துணைக்கால் அட்டை அவனுக்காகத் தட்டிலே காத்துக்கொண்டிருந்திருக்கும். தாயத்து விற்பவனுக்கு வியாபாரம் இருந்திருக்காது.

அந்த முறையில் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அட்டைகள் கிழிந்தால் புது அட்டை வர நாளாயிற்று. ஏணியை ஒரு சடங்காக்கி, பிள்ளை புரிந்துகொண்டதா என்று பாராமலே படி தாண்டவிட்ட வகுப்புகளும் இருந்தன. "பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து விளையாடுகின்றன, புஸ்தகத்தையே காணோம்" என்று பெற்றோர்கள் முறையிட்டார்கள். வாத்தியார்களுக்கு எழுத்து வேலை மலைபோல் குவிந்தது. மேலே இருந்து ஓர் உத்தரவாய் வந்த எதுவும், கீழே இருப்பவர் மனத்தில் பிடிக்காத வரையில் சடங்காகத்தான் முடியும். ஆயினும் முறை பிறகு பலவிதமாய் மாற்றப்பட்டதே தவிர, அதன் கருத்து சாகவில்லை. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் நிற்கும் இடத்தைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாக வைத்துச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டது. பிள்ளையை "மண்டு" என்று அழைப்பதற்கும் "அரும்பு" என்று அழைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். மண்டு என்றும் மண்டுதான். அரும்பு என்றால் மலரப் போவது என்று அர்த்தம்.

வடக்கேயும் இதற்கு அத்தாட்சி இருக்கின்றது. பிரதம் என்னும் அமைப்பினர் மும்பையிலும் வதோதராவிலும், பின்தங்கிய பிள்ளைகளைத் தினம் சிறிது நேரம் தனியே அழைத்து, அந்தந்த ஊர்ப் பெண்களைக் கொண்டே எழுத்தும் கணக்கும் அவர்கள் நிலையிலிருந்து சொல்லிக் கொடுத்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ முதலியவர்கள் அதை மருந்தைப் பரிசோதிப்பது போலவே பரிசோதித்து, பிள்ளைகள் முன்னேறியதைக் கணக்கோடு காட்டினார்கள். அந்த இருவருக்கும் இன்னொருவருக்கும் 2019இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது இப்படிப்பட்ட பரிசோதனைகளுக்காகவே ஆகும்.

இனி, பிறவிப் புத்தி என்பதைப் பற்றிச் சிறிது பேசுவோம். நம்மூர்ப் படித்தவர்கள் சிலர், "தலையெழுத்தை நாங்கள் நம்பவில்லை, ஆனால் ஐ.க்யூ. என்று ஒன்று இருக்கிறதே, அது பிறவியிலேயே வருவதல்லவா?" என்று விஞ்ஞானத்தின் வேஷத்தில் அதே பழைய சரக்கை விற்கின்றார்கள். அந்தச் சோதனை பிறந்த கதை புதுவைக்காரர்களுக்குத் தெரிய வேண்டியது. ஏனெனில் அது பிறந்தது பாரிஸ் நகரத்தில். பள்ளியில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டுமென்று பிரெஞ்சு சர்க்கார் நினைத்த காலத்தில், ஆல்ஃபிரெட் பினே என்பவரும் தியோடர் சிமோன் என்பவரும் 1905இல் அதைச் செய்தார்கள். உதவி செய்வதற்காகச் செய்தார்களே ஒழிய, தள்ளி வைப்பதற்காக அல்ல. புத்தி என்பது கூட்ட முடியாத ஒரே அளவு என்று சொல்லுபவர்களைக் கண்டித்து, பயிற்சியினால் அதைப் பெருக்கலாம் என்று பினே 1909இல் புஸ்தகமே எழுதினார். அவர் 1911இல் இறந்தார். பிறகு அமெரிக்காவுக்குப் போன அதே சோதனை, கப்பலில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளைப் "புத்தி குறைந்தவர்கள்" என்று முத்திரை குத்தப் பயன்படுத்தப்பட்டது. ஏணியாகச் செய்ததைத் தாழ்ப்பாளாக மாட்டிவிட்டார்கள். கருவி மேல் குற்றமில்லை; ஒரு கூட்டம் மேலேயும் ஒரு கூட்டம் கீழேயும் இருக்க வேண்டும் என்ற ஆசையின் மேல்தான் குற்றம்.

இந்த இடத்தில் நம் தோழர்களுக்கு ஒரு சந்தேகம் வருவது நியாயமே. "ஒவ்வொருவனுக்கும் அவனவனுக்கு ஏற்ற படிப்பு என்றால், அது குலக்கல்வியைப் பின்வாசல் வழியாக அழைத்து வருவது ஆகாதா?" என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். 1953இல் சென்னை மாகாண முதல் மந்திரியாயிருந்த இராஜகோபாலாச்சாரியார், கிராமத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அரை நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். நாடெங்கும் எழுந்த எதிர்ப்பினால் அவர் பதவியை விட்டார். அடுத்து வந்த காமராசர் 1954இல் அதை எடுத்தெறிந்தார். மூலக்குளம் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது என்றாலும், அந்தத் திட்டத்தின் நாற்றம் எல்லை தாண்டி வீசத்தான் செய்தது.

ஆகவே இரண்டுக்கும் உள்ள பேதத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம். குலக்கல்வி, பிள்ளை எங்கே பிறந்தது என்று பார்த்து, அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றது. நாம் சொல்லும் முறை, பிள்ளை இன்று எங்கே நிற்கின்றது என்று பார்த்து, எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை மாத்திரம் தீர்மானிக்கின்றது. அதிலே வழி ஒன்று, முடிவு வேறு. இதிலே வழி வேறு, முடிவு ஒன்று. ஏணிகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். மாடி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

அதனால்தான் சொல்லுகின்றோம்: எந்த வாத்தியாராவது "அரும்பு" நிலைப் பிள்ளைகளை வருஷம் முழுவதும் ஒரே மூலையில் உட்கார வைத்தால், அது கற்பித்தல் ஆகாது, வகுப்புக்குள் ஒரு சேரி கட்டுவதே ஆகும். நிலை என்பது மாதத்துக்கு மாதம் மாற வேண்டியது. கணக்கில் மலராக இருப்பவன் தமிழில் அரும்பாக இருப்பான். அப்படியிருக்க அவனுக்கு ஒரே முத்திரை எப்படிப் பொருந்தும்? நிலை மாறாத குழுவுக்கு எந்தப் பூவின் பேரை வைத்தாலும் அது ஜாதிதான்.

இன்னும் சிலர், "இதெல்லாம் நம் முன்னோர்கள் திண்ணைப் பள்ளிக்கூடத்திலேயே செய்தார்கள், அங்கே ஒவ்வொருவனும் தன் ஏட்டைத் தன் வேகத்தில் படித்தான், சட்டாம்பிள்ளை சின்னவனுக்குச் சொல்லிக் கொடுத்தான், ஆண்ட்ரூ பெல் என்ற வெள்ளைக்காரரே சென்னையில் பார்த்து அதை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார்" என்று பெருமை பேசுகின்றார்கள். இருக்கட்டும், ஒவ்வொருவனும் தன் வேகத்தில் படித்தான் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திண்ணையிலே ஏறி உட்கார யாருக்கு உரிமை இருந்தது என்று ஒரு கேள்வி கேட்கின்றோம். தாழ்த்தப்பட்டவன் பிள்ளை அந்தத் தெருவிலேயே நடக்க முடியாதிருந்தபோது, திண்ணையில் என்ன முறையில் சொல்லிக் கொடுத்தால் அவனுக்கென்ன? பெண் பிள்ளைக்கென்ன? ஏறக் கூடாதவர்கள் இத்தனை பேரைக் கீழே நிறுத்திவிட்டு, ஏறினவர்களுக்கு வசதி செய்தது பெருமையல்ல. இன்று எல்லோரும் ஏறி உட்கார்ந்து விட்டார்கள். அதனால்தான் வகுப்பில் இத்தனை வகைப் பிள்ளைகள். இந்த வகைவகையான கூட்டத்தைப் பார்த்துத் "தரம் கெட்டுவிட்டது" என்று அழுபவன், உண்மையில் கதவு திறந்ததற்காக அழுகின்றான்.

சட்டம் என்ன சொல்லுகின்றது என்று பார்ப்போம். 2009இல் செய்யப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, அதற்கேற்றபடி வேண்டிய கூடுதல் போதனையைச் செய்வது வாத்தியாருடைய கடமை என்கின்றது. 29ஆம் பிரிவு, பயமில்லாமல் படிக்கவும், கூடுமான வரையில் தாய்மொழியில் படிக்கவும் சொல்லுகின்றது. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வாசிப்பதில் கஷ்டப்படும் பிள்ளையையும் கணக்கில் சேர்த்து, அவர்களை மற்றப் பிள்ளைகளோடு ஒன்றாக வைத்து, வேண்டிய உதவியுடன் படிப்பிக்கச் சொல்லுகின்றது. ஆகவே நாம் கேட்பது தர்மமல்ல, தயவல்ல, சட்டப்படியான உரிமை. மூலக்குளத்துப் பையனைத் தன்னோடு வேலைக்கு அழைத்துப் போகும்படி தகப்பனுக்குச் சொன்ன அந்தப் பள்ளிக்கூடம், சட்டத்தைக் குப்பையில் போட்டுவிட்டுச் சொல்லியிருக்கின்றது.

ஆனால் சர்க்கார் போகும் திக்கு வேறாக இருக்கின்றது. 2024 டிசம்பரில் மத்திய சர்க்கார் விதியை மாற்றி, ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் பரீட்சையில் தேறாத பிள்ளைக்கு இரண்டு மாதத்தில் மறு பரீட்சை வைத்து, அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம் என்று அறிவித்தது. அப்படி நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு எங்கே குறை என்று கண்டுபிடித்துத் தனியே உதவ வேண்டும் என்றும் அதே விதியில் எழுதியிருக்கின்றது. நாம் கேட்கின்றோம்: குறையைக் கண்டுபிடிக்க ஐந்து வருஷம் கழித்துப் பெயிலாக்கின பிறகுதானா முடியும்? முதல் வருஷத்திலேயே கண்டுபிடித்தால் கெட்டுப் போகுமா? செத்த பிறகு நாடி பார்ப்பது என்பது இதுதான் அல்லவா? "எல்லோரையும் பாஸ் போட்டதால்தான் பிள்ளைகள் கெட்டார்கள்" என்கின்றார்கள். சொல்லிக் கொடுக்காமல் பாஸ் போட்டதும் தப்பு. சொல்லிக் கொடுக்காமல் பெயில் போடுவது அதைவிடப் பெரிய தப்பு. பாஸ் போட்டால் பிள்ளை பள்ளிக்கூடத்திலாவது இருக்கும். பெயில் போட்டால் சித்தாள் வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் போய்விடும். அப்படிப் போகும் பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகளாக இருக்கும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

புதுவைக்காரர்களுக்கு இந்த விஷயம் புரிவது கஷ்டமல்ல. நெடுங்காலம் இங்கே ஒரே சர்க்கார், புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் தமிழ்நாட்டுப் பாடத்தையும், மாகேக்குக் கேரளப் பாடத்தையும், ஏனாமுக்கு ஆந்திரப் பாடத்தையும் நடத்திற்று. ஏன்? அந்தந்த ஊர்ப் பிள்ளையின் மொழியும் சூழலும் வேறு என்பதால். ஊருக்கு ஊர் வித்தியாசம் பார்த்ததை யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை. இப்போது சர்க்கார் பள்ளிகளெல்லாம் மத்திய பாடத்திட்டத்துக்கு மாற்றப்பட்டு, 2025இல் பிள்ளைகள் மத்திய போர்டின் பொதுப் பரீட்சையையும் எழுதினார்கள். மேலே பாடம் ஒன்றாகி விட்டது, சரி. கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒன்றாகி விட்டார்களா? புஸ்தகம் கனமாக ஆக, அதைத் தூக்கிக் கொடுக்கும் கையும் பிள்ளைக்குப் பிள்ளை குனிந்து கொடுக்க வேண்டியது அதிகமாகின்றதே ஒழியக் குறையவில்லை.

வாத்தியார்த் தோழர்கள் நம்மீது கோபித்துக் கொள்ளக் கூடாது. பாவேந்தர் பாரதிதாசனே 1909 முதல் முப்பத்தேழு வருஷம் இந்தப் புதுவை, காரைக்கால் மண்ணில் வாத்தியாராக உழைத்தவர்தான். அந்த வேலையின் கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல. ஒரே வாத்தியார் இரண்டு மூன்று வகுப்பை வைத்துக் கொண்டு, தேர்தல் வேலையும் ஜனக்கணக்கும் பார்த்து, தினம் மேலே அனுப்ப வேண்டிய புள்ளிவிவரத்தையும் அடித்துக் கொண்டிருந்தால், எந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்? ஆகையால் குற்றத்தை முழுவதும் அவர் தலையில் போட நாம் தயாராயில்லை. ஆனால் "மண்டு" என்ற சொல்லை வாயிலிருந்து எடுத்தெறிய சர்க்கார் உத்தரவும் வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை.

"முப்பது பேருக்கு முப்பது பாடமா எழுதுவது?" என்று கேட்கலாம். யாரும் அப்படிக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சத்துணவைப் பாருங்கள். ஒரே உலை, ஒரே சாதம்தான். ஆனால் சின்னப் பிள்ளைக்கு ஒரு கரண்டி, வளரும் பிள்ளைக்கு இரண்டு கரண்டி. வயிற்றுவலிக்காரனுக்குக் காரம் இல்லாமல் ஒரு பிடி. எல்லோருக்கும் ஒரே கரண்டி போட்டதுதான் சமத்துவம் என்று ஆயா நினைப்பதில்லை. ஒருவனும் பசியோடு எழுந்திருக்கக் கூடாது என்பதே சமத்துவம் என்று அவருக்குத் தெரியும். பானையோடு நிற்கும் அந்த அம்மாளுக்கு இருக்கும் அறிவு, புஸ்தகத்தோடு நிற்கும் இலாகாவுக்கு இருக்கக் கூடாதா?

செய்ய வேண்டியதைச் சுருக்கமாய்ச் சொல்லுகின்றோம்.

வருஷத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே ஒரு பக்கம் வாசிக்கவும் நாலு கணக்குப் போடவும் சொல்லி, எங்கே நிற்கின்றது என்று குறித்துக் கொள்ள வேண்டும். அதே வாரத்தில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். தினம் ஒரு மணி நேரமாவது, வகுப்பைப் பாராமல் நிலையைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் எல்லோரும் கலந்தே உட்கார வேண்டும். மாதம் ஒருமுறை மறுபடியும் பார்த்து நிலையை மாற்ற வேண்டும். எழுத முடியாத பிள்ளையை வாயால் சொல்லவிட்டு மார்க்குப் போட வேண்டும். முன்னே ஓடுகின்ற பிள்ளைக்குச் சும்மா இருக்கும் தண்டனை கொடுக்காமல் மேலும் கடினமானதைக் கொடுக்க வேண்டும். சர்க்கார், தொடக்கப்பள்ளியில் முப்பது பிள்ளைக்கு ஒரு வாத்தியார் என்று சட்டத்திலே எழுதியிருப்பதைக் காகிதத்தில் சராசரி காட்டி ஏமாற்றாமல், ஒவ்வொரு பள்ளியிலும் நிறைவேற்ற வேண்டும். சிறப்பாசிரியர்களை ஊருக்கு ஒருநாள் விருந்தாளியாக அனுப்பாமல் நிலையாகப் போட வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் மார்க்கைக் கேட்காதீர்கள், "என் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது, அடுத்த மாதம் எந்த இடத்துக்கு வரும்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் வாத்தியார், சோதிடர் அல்ல. தாயத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு கண்ணாடி வாங்கலாம். புஸ்தகத்தைச் சரஸ்வதி பூசையில் அடுக்கிப் பொட்டு வைத்து, அன்று தொடக்கூடாது என்பதைவிட, அன்றைக்கே எடுத்துப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு வரி வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத பெற்றோர்கள், பிள்ளையையே உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அது எங்கே தடுக்குகின்றது என்று காதாலேயே தெரிந்துவிடும்.

மூலக்குளத்துத் தோழருக்கு நாம் சொன்னதும் இதுதான். அவர் பையனுடைய தாயத்தை அங்கேயே அவிழ்க்கவில்லை. வீட்டில் அம்மா சண்டை போடுவாள் என்றார். போகட்டும். ஆனால் மறுவாரம் கண்ணுக்குக் காட்டி, கண்ணாடி வாங்கிவிட்டார். தெருவில் உள்ள கல்லூரிப் பெண் ஒருவர், சாயங்காலம் அரைமணி நேரம் துணைக்காலும் கொம்பும் சொல்லிக் கொடுக்கின்றார். பையன் இப்போது கடைப் பலகைகளை உரக்க வாசித்துக்கொண்டே நடக்கின்றானாம்; தகப்பனாருக்குத்தான் வழியெல்லாம் நின்று நின்று போக வேண்டியிருக்கின்றதாம்.

தோழர்களே! புதன் இருந்த இடத்தில்தான் இருக்கின்றது. பையன்தான் நகர்ந்திருக்கின்றான். ஒரு கண்ணாடியும், அரைமணி நேரமும், "இவனுக்கு வரும்" என்று நினைத்த ஒரு மனித மூளையும் சேர்ந்து செய்த காரியத்தைச் செய்யச் சம்பளம் வாங்கும் பள்ளிக்கூடங்களும் சட்டம் செய்த சர்க்காரும் மறுக்குமானால், அதைக் கேட்டு வாங்க வேண்டியது நம் கடமையாகும். எந்தப் பிள்ளையின் தலையிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுதப் போவது நாம்தான். ஆகவே அந்தந்தத் தலைக்கு விளங்கும்படி எழுதுவோமாக.